ஐந்து டிரைவர், ஒரே கார்

எங்கள் கார் கிளப்பில் உறுப்பினர்கள் ஐந்து பேர். கார் ஒன்றுதான்.

அறுபதுகளின் நடுவில் பம்பாயில் புதுக் கார் வேண்டுமென்றால் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எங்களுக்கு அந்தப் பொறுமையும் இல்லை, புதுக் கார் வாங்குகிற வசதியும் இல்லை. என் கணவர் ஒரு நாள் ஸ்கூட்டர் சீட்டுக்கு உறை தைக்கத் தாராவிக்குப் போனார். திரும்பி வரும்போது காரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சொந்தக்காரராக வந்தார். சீட் தைக்கும் பட்டறை வைத்திருந்த பாய்தான் அந்த யோசனையைச் சொன்னவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நாங்கள் எல்லோரும் அவரை பாய் என்றே கூப்பிடுவோம். அவரிடம் சீட் மாற்றக் கொடுத்த வெள்ளைக்காரர் ஒருவர், காரையே அவரிடம் விற்றுவிட்டுக் கப்பலேறிவிட்டாராம். பச்சை நிறத்தில், தவளை உட்கார்ந்திருப்பதைப் போன்ற ஒரு குட்டி இங்கிலீஷ் கார். பாய்க்கு ஒரு பங்கு, எங்களுக்கு ஒரு பங்கு. மிச்சப் பங்கை மாட்டுங்காவில் எங்களுக்குக் கீழ் வீட்டில் இருந்த மாமாவும் மாமியும் எடுத்துக்கொண்டார்கள்.

மாமா ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்தார். எதையும் விதிப்படி செய்கிறவர். ஸ்டேஷன் படியில்கூட இடது பக்கமாகத்தான் ஏறுவார். மாமிக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். ஒன்பது கஜப் புடவை, மூக்கின் இரண்டு பக்கமும் பேசரி, எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் நுழையும் குரல். கார் வந்த அன்றைக்கே மாமி சட்டம் போட்டுவிட்டாள். "பங்கு இருக்கறவா எல்லாரும் ஓட்டக் கத்துக்கணும். இவர் ஓட்டி நான் பின்னாடி பொம்மை மாதிரி உக்காந்து வரதுன்னா எனக்குக் காரே வேண்டாம்."

அப்படித்தான் நானும் மாமியும் பக்கத்திலிருந்த ஃபைவ் கார்டன்ஸ் பூங்காக்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினோம். எனக்கு இருபத்து மூன்று வயது. கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். மாமி என்னைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டு லைசென்ஸும் எனக்கு முன்னால் வாங்கினாள்.

கிளப் என்ற பெயர் வேடிக்கையாக ஆரம்பித்தது. பாய் ஒரு நாள் மிச்சத் தோலில் "ஐவர் மோட்டார் கிளப்" என்று இங்கிலீஷில் எழுத்து தைத்து, பின் கண்ணாடிக்குள் தொங்கவிட்டார். அந்த எழுத்துதான் எங்களை வம்பில் மாட்டிவிட்டது.

ஒரு சாயங்காலம் பாய் இரண்டிரண்டு படியாகத் தாவி எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். மாமாவும் மாமியும் அங்கேதான் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம கிளப்ப ரேஸுக்குக் கூப்பிட்டிருக்காவ!" என்றார் பாய்.

"யாரு?" என்றார் என் கணவர்.

"ஒரு பார்சி சேட்டு. சீட்டு தைக்க வந்தவரு, நம்ம வண்டியில போர்டப் பாத்துட்டாரு. எத்தன மெம்பருன்னு கேட்டாரு. அஞ்சுன்னேன். எல்லாரும் ஓட்டுவாங்களான்னாரு. ஏக்தம் நல்லா ஓட்டுவாங்கன்னேன். அப்ப அஞ்சு பேரையும் சேத்துக்கிடுதேன்னுட்டுப் போயிட்டாரு."

"கார் எத்தனைன்னு கேக்கலையா?"

"அத அவரு கேக்கல. நானா எதுக்குச் சொல்லணும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது. பள்ளிக்கூடத்தில் இதற்காகவே வெளியில் நின்றிருக்கிறேன். மாமா மட்டும் சிரிக்கவில்லை. அது என்ன மாதிரி ரேஸ் என்று நிதானமாக விசாரித்தார். பாய் விளக்கினார். அமெரிக்காவில் இப்படித்தான் செய்கிறார்களாம். இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கொடியைக் காட்டுவார்கள். நேர்கோடாகக் கால் மைல் தூரம். யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்கு ஜெயம். சேட்டின் சிநேகிதர்கள் மட்டும் வருகிறார்கள், பரிசு கிடையாது, பந்தயம் கட்டவும் கூடாது.

"வளைவே கிடையாதா?" என்றார் மாமா.

"கிடையாது மாமா."

"எதிர்ல வண்டி?"

"வராது."

"குறுக்க மாடு, மனுஷா?"

"ஆள் போட்டு நிறுத்திருவாவ."

மாமா யோசித்தார். "அப்போ நம்ம கிங்ஸ் சர்க்கிள் டிராஃபிக்கைவிட அது சேஃப்" என்றார். போவதென்று முடிவாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பேரும் அந்தத் தவளைக்குள் அடைந்துகொண்டு கிளம்பினோம். மாமியின் மடியில் புளியோதரைத் தூக்கு, என் மடியில் பாயின் மனைவி கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்து டப்பா. காலுக்கடியில் தண்ணீர்க் கூஜா. பாண்டுப், முலுண்ட் என்று தாணே வரைக்கும் பாய் ஓட்டினார். பிறகு என் கணவர். கல்யாணைத் தாண்டி ஒரு மண் பாதையில் திரும்பியதும், யுத்த காலத்தில் போட்டு அப்புறம் யாரும் சீந்தாத விமான ஓடுதளம் தெரிந்தது. வெடிப்புகளில் புல் முளைத்த சிமெண்டுப் பாதை, கண்ணுக்கெட்டிய தூரம் நேராகப் போயிற்று. சேட் யாரையோ பிடித்து ஒரு நாளைக்கு அனுமதி வாங்கியிருந்தார்.

அங்கே நின்ற கார்களைப் பார்த்ததும் என் கணவர் எங்கள் காரைக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தினார். படகு மாதிரி நீளமாக, வால் பக்கம் இறக்கை வைத்த ஒரு அமெரிக்கக் கார். கூரை இல்லாத சிவப்புக் கார் இரண்டு. பளபளவென்று ஒரு ஹெரால்டு. நேற்றுத்தான் வந்ததுபோல அம்பாசடர்கள். ஆண்களெல்லாம் வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி. நாங்கள் ஒவ்வொருவராக இறங்க, அவர்கள் எண்ணிக்கொண்டு நின்றார்கள். கடைசியாக மாமி தூக்கோடு இறங்கியதும் யாரோ கை தட்டினார்கள்.

சேட் குள்ளமாக, வழுக்கைத் தலையோடு, எப்போதும் சந்தோஷமாக இருக்கிற மனிதர். எங்கள் பின்னால் பாதையை எட்டிப் பார்த்தார். "மற்ற நான்கு கார்கள் எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

பாய் கொஞ்சமும் அசரவில்லை. "ஏகீ காடி, சேட். பாஞ்ச் டிரைவர்" என்றார்.

சேட் ஒரு நிமிஷம் எங்களையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விதியில் அதைத் தடுக்க எதுவும் இல்லை என்றும், விதியையே தான்தான் நேற்று ராத்திரி சாப்பிடும்போது யோசித்ததாகவும் சொன்னார். ஆக, ஐந்து பேருக்கும் ஐந்து ஓட்டம். ஒவ்வொரு தடவையும் அதே பச்சைத் தவளை.

கனத்தைக் குறைத்தால் வேகம் கூடும் என்று என் கணவர் எங்கோ படித்திருந்தார். ஜாக்கி, ஸ்டெப்னி, கூஜா எல்லாவற்றையும் இறக்கினோம். பிறகு அவர் கண் பின் சீட்டின் மேல் போயிற்று. அது பாய் தன் கையால் தைத்த மெரூன் நிற ரெக்சின் சீட்.

"அதத் தொடாதீங்க" என்றார் பாய். "பட்டனு ஒவ்வொண்ணும் நான் புடிச்சது."

"கழட்டினா முப்பது ராத்தலாவது குறையும் பாய்."

பாய் பெருமூச்சு விட்டார். பிறகு தானே கழற்றி, புல்லில் அழுக்குப் படாமல் ஒரு துணியை விரித்து அதன் மேல் வைத்தார். அந்த வெட்டவெளி முழுவதிலும் உட்கார வேறு இடமே கிடையாது. மாமா போய் அதன் நடுவில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் இரண்டு பேர் அவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து, தங்கள் காருக்கும் இப்படித் தைக்க முடியுமா என்று பாயிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதலில் என் கணவர் ஓட்டினார். எதிர்த்து ஒரு சிவப்புக் கார். கொடி விழுந்தது. சிவப்புக் கார் பறந்தது. எங்கள் கார் பின்னால் போனது. பதற்றத்தில் அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டுவிட்டார். பின்னால் நின்ற சேட் அலறியடித்துக்கொண்டு ஓடினார். கார் நின்று, யோசித்து, முன்னால் புறப்பட்டுப் போய்ச் சேர்ந்தபோது சிவப்புக்காரர் இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. கண்ணீர் வழிந்து கண் மையெல்லாம் கரைந்துவிட்டது. திரும்பி வந்த அவர் என்னைப் பார்த்து முறைத்தார். "சிரி, சிரி. உன் முறையும் வரும்" என்று சொன்னவர், அடுத்த விநாடி தானும் உட்கார்ந்து சிரித்தார்.

அடுத்தது பாய். எங்களில் நிஜமாகக் கார் ஓட்டத் தெரிந்தவர் அவர்தான். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, பிஸ்மி சொல்லி உட்கார்ந்தார். ஒரு அம்பாசடரோடு முக்கால்வாசித் தூரம் தோளோடு தோளாகப் போய், கடைசியில் கொஞ்சம் பின்தங்கினார். "நம்ம வண்டி சின்னப் புள்ள, மூச்சு வாங்குது" என்று பானெட்டைத் தட்டிக் கொடுத்தார்.

மூன்றாவதாக மாமா. அவர் சீட்டைவிட்டு எழுந்திருப்பாரா என்பதே எங்களுக்குச் சந்தேகமாக இருந்தது. எழுந்தார். காரைச் சுற்றி வந்து நான்கு டயரையும் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். கொடி விழுந்ததும் ஜன்னலுக்கு வெளியே வலது கையை நீட்டி, புறப்படுகிறேன் என்று சிக்னல் கொடுத்தார். யாருக்குக் கொடுத்தார் என்று இன்றுவரை தெரியவில்லை. பின்னால் மராட்டி ஆள் ஒருவன் கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். பிறகு ஒரே சீரான வேகத்தில், யானை ஊர்வலம் போல் கால் மைலையும் கடந்து, கோட்டில் கையை ஆட்டி நிறுத்துகிறேன் என்று காட்டிவிட்டு நிறுத்தினார். எதிராளி அதற்குள் பாதி சாண்ட்விச் சாப்பிட்டிருந்தார். கூட்டம் முழுவதும் ஆரவாரம். மாமா இறங்கி வந்து, "ரூல்ஸ்படி ஓட்டினது நான் ஒருத்தன்தான்" என்றார். முகத்தில் அப்படி ஒரு ஒளி. அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்புறம் என் முறை.

எனக்கு எதிராக வந்தது அந்த ஹெரால்டு. அதை ஓட்டியவள் சேட்டின் மருமகள். என் வயதுதான் இருக்கும். தலையில் ஸ்கார்ஃப், கால்சட்டை. ஜன்னல் வழியாக என்னைப் பார்த்து, "பயமாக இருக்கிறதா?" என்று கேட்டாள். "இல்லை, சிரிப்பு வருகிறது" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள்.

"தங்கச்சி, ரெண்டாவது கியர்ல நல்லா இழுத்துட்டு மூணுக்குப் போங்க. அவசரப்பட்டு மாத்தாதீங்க" என்றார் பாய் ஜன்னலருகே குனிந்து. மாமி ஓடி வந்து என் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, பின்னலைச் சுருட்டிக் கொண்டை போட்டு, "அந்தப் பொண்ணைப் பாக்காதே, ரோட்டைப் பாரு" என்றாள்.

கொடி விழுந்தது. கிளட்சை விட்டதும் கார் ஒரு துள்ளல் துள்ளிற்று. முதல் கியரில் ஊளை, இரண்டாவது கியரில் அலறல். சிமெண்டு வெடிப்புகள் ஒவ்வொன்றும் டக் டக் டக்கென்று காலுக்கடியில் அடித்தன. பின் சீட் இல்லாத கார் காலி டப்பா மாதிரி அதிர்ந்தது. ஹெரால்டின் மூக்கு என் தோளருகில் தெரிந்தது, பிறகு தெரியவில்லை, பிறகு மறுபடியும் தெரிந்தது. மூன்றாவது கியரைப் போட்டேன். காற்று ஜன்னல் வழியாக வந்து கொண்டையைப் பிய்த்துப் பின்னலை முகத்தில் அடித்தது. அந்த நேரத்தில் எனக்கு ஆபீஸ் இல்லை, எட்டரை மணி லோக்கல் ரயில் இல்லை, சமையல் இல்லை. நேராக ஒரு பாதையும் என் கால் கட்டைவிரலும் மட்டும்தான் இருந்தன. நான் கத்திக்கொண்டே ஓட்டினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் தெரியாது.

கோட்டைத் தாண்டி நிறுத்தியபோது, அங்கே நின்றிருந்தவர் என் பக்கம் கையைக் காட்டினார். பானெட் அளவு முந்தியிருந்தேனாம். நான் இறங்குவதற்குள் சேட்டின் மருமகள் ஓடி வந்து கதவைத் திறந்து, என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். தோற்றவள் அவள்தான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் குதித்தேன். என் கணவர் கால் மைலையும் ஓடியே வந்து சேர்ந்தார். மூச்சு இரைக்க, "நாப்பத்தெட்டு மைல் வேகம் போயிருப்பே. குறையாது" என்றார். என் கையைப் பிடித்தவர் மறுபடியும் காரில் ஏறும்வரை விடவே இல்லை. நாலு பேர் எதிரில் அவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

கடைசி ஓட்டம் மாமியுடையது. எதிரே நின்றது அந்த நீள அமெரிக்கக் கார். அதன் சொந்தக்காரர் சர்ச்கேட் பக்கம் ஹோட்டல் வைத்திருந்த பஞ்சாபி. மீசைக்கு எண்ணெய் தடவி முறுக்கிவிட்டிருந்தார். ஒன்பது கஜத்தில் மாமி வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவர் பெருந்தன்மையாக, "மாதாஜி, நீங்கள் முதலில் போங்கள். நான் பத்து எண்ணிவிட்டு வருகிறேன்" என்று ஹிந்தியில் சொன்னார்.

மாமிக்கு ஹிந்தி அரைகுறைதான். ஆனால் இது முழுசாகப் புரிந்துவிட்டது. "என்ன சொல்றான் இவன்? எனக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம். பாய், அவன்கிட்டச் சொல்லுங்கோ, ஒழுங்கா ஓட்டச் சொல்லி."

பாய் சொன்னார். பஞ்சாபி மீசையைத் தடவிக்கொண்டு எஞ்சினை உறுமவிட்டார். மாமா மட்டும் ஜன்னலருகில் நின்று, "இந்தா, ரொம்ப வேகம் வேண்டாம்" என்று ஆரம்பித்தார்.

"நீங்க போய் சீட்ல உக்காருங்கோ" என்றாள் மாமி.

கொடி விழுந்தது. அமெரிக்கக் கார் இருந்த இடத்திலேயே பயங்கரமாகக் கத்தியது. பின் சக்கரங்கள் வெறுமனே சுழன்றன. புகை கிளம்பிற்று. ரப்பர் கருகும் வாடை. பிறகு அது திடீரென்று பிய்த்துக்கொண்டு, குறுக்காகத் திரும்பி, புல்லுக்குள் இறங்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டது. மாமி எதையும் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, மூக்கு ஸ்டியரிங்கைத் தொடுகிற மாதிரி உட்கார்ந்து, பச்சைத் தவளையை நூல் பிடித்தாற்போல் ஓட்டிக்கொண்டு போனாள். கோட்டையும் கடந்தாள். நாங்கள் கூச்சலிட்டுக் குதித்தோம்.

ஆனால் மாமி நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தாள்.

"ஏன் நிறுத்தலை? பிரேக் போயிடுத்தோ?" என்றார் மாமா. முகம் வெளுத்துவிட்டது. பாய் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுபாதையில் ஓட ஆரம்பித்தார். பின்னாலேயே என் கணவர், சேட், கொடிக்காரன், நான். கார் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, பாதையின் கோடியில் ஒரு பச்சைப் புள்ளியாயிற்று. அங்கே மெதுவாக அரைவட்டமடித்துத் திரும்பி, அதே வேகத்தில் எங்களைப் பார்த்து வந்தது. ஓடின அத்தனை பேரும் இரண்டு பக்கமும் சிதறினோம். மாமி ஹாரனை அடித்துக்கொண்டே எங்கள் நடுவில் புகுந்து, கோட்டைத் திருப்பிக் கடந்து, புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தினாள்.

நாங்கள் இரைக்க இரைக்கத் திரும்பி வந்தபோது மாமி இறங்கிப் புடவையை உதறிக்கொண்டிருந்தாள். பானெட்டிலிருந்து ஆவி புஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது.

"ஏன் மாமி நிக்கலை?" என்றேன்.

"நன்னா போயிண்டிருந்ததுடி. எதுக்கு நிறுத்தணும்?" என்றாள்.

புல்லிலிருந்து ஏறி வந்த பஞ்சாபி, தொப்பியைக் கழற்றி மாமிக்கு ஒரு சலாம் வைத்தார். எப்படி இவ்வளவு நேராக ஓட்டினீர்கள் என்று கேட்டார். மாமி தன்னிடமிருந்த ஹிந்தியையெல்லாம் திரட்டி, "ஹம் சீதா தேக்தா. சீதா ஜாத்தா" என்றாள். நேராகப் பார்ப்பேன், நேராகப் போவேன் என்று அர்த்தம். அவர் அதை ஏதோ வேதவாக்கியம் மாதிரி இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

புளியோதரை ஐந்து பேருக்கென்று கட்டியது. அன்றைக்கு யார் யார் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது. எங்களுக்கு சேட் வீட்டு ராஸ்பெர்ரி சோடா வந்தது. முந்திரிக்கொத்தைச் சேட்டின் மருமகள் டப்பாவோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கார்தான் நகர மறுத்தது. ரேடியேட்டர் குழாய் வெடித்துவிட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் காட்டில் குழாய்க்கு எங்கே போவது? பஞ்சாபி கயிற்றைக் கொண்டுவந்தார். அமெரிக்கக் கார் முன்னால் இழுக்க, எங்கள் கார் பின்னால் தொங்கிக்கொண்டு கல்யாண் வரைக்கும் போயிற்று. பாய் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். பின் சீட்டை மறுபடியும் மாட்டி அதில் நாங்கள் மூன்று பேர். மண் பாதையில் முன் காரின் புழுதி முழுவதும் எங்கள் மேல்தான். மாமி தலையை வெளியே நீட்டி, "அவனை இன்னும் கொஞ்சம் வேகமாப் போகச் சொல்லுங்கோ பாய்!" என்று கத்தினாள். மாமா இந்தத் தடவை தடுக்கவில்லை. சொன்னால் கேட்கவா போகிறாள் என்று இருந்திருக்கும். அல்லது அவருக்கும் அந்த வேகம் போதவில்லையோ என்னவோ. கல்யாணில் ஒரு லாரிப் பட்டறையில் குழாய் கிடைத்தது. மாட்டுங்காவுக்கு வந்து சேர்ந்தபோது ஐந்து பேரும் ஒரே செம்மண் நிறமாக இருந்தோம். மாடிப் படியில் எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர் யார் நீங்கள் என்று ஹிந்தியில் கேட்டார். அவ்வளவுதான், என் கணவர் சிரிப்பு தாங்காமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தாண்டி மேலே போக யாருக்கும் சக்தி இல்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் மானேஜர் ஒரு நீளமான கடிதத்தைச் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வரி முடிவிலும் டைப்ரைட்டரின் மணி அடிக்கும். நான் கையால் இழுத்து அடுத்த வரிக்குத் தள்ளும்போதெல்லாம், என் இடது கால் மேஜைக்கடியில் தானாகத் தரையை மிதித்தது. கிளட்ச். நாலைந்து வரிக்குப் பிறகு மானேஜர் பேச்சை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"காலில் ஏதாவது வலியா?" என்றார்.

இல்லை சார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சிரிப்புதான் வந்தது. கர்ச்சீப்பை வாயில் அடைத்துக்கொண்டு பெண்கள் அறைக்கு ஓடினேன். வெளியே வர எனக்குக் கால் மணி நேரமாவது ஆகியிருக்கும்.